பாக்டீரியாவின் ரைபோசோம்: புரதம் கோக்கும் ஆர்என்ஏ

ஈ.கோலி நம் குடலில் குடியிருக்கும் ஒரு சாதாரண பாக்டீரியா. சாப்பாடும் சூடும் தோதாக அமைந்தால் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். அதற்குள் தன்னிடம் உள்ள புரதங்களை எல்லாம் இன்னொரு மடங்கு செய்தாக வேண்டும். ஒரு செல்லுக்குள் இருக்கும் புரத மூலக்கூறுகள் சில பத்து லட்சம் தேறும். அத்தனையையும் செய்து தருவது ரைபோசோம். வேகமாக வளரும் ஈ.கோலிக்குள் 60,000, 70,000 ரைபோசோம்கள் வரை இருக்கும். செல்லின் உலர் எடையில் ஏறக்குறைய கால்வாசி இவைதான். வளர்ச்சி மந்தமானால் எண்ணிக்கையும் சில ஆயிரங்களுக்கு இறங்கிவிடும்.

பள்ளிப் பாடத்தில் ரைபோசோமை ‘புரதத் தொழிற்சாலை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் சுவாரசியமான சங்கதி அந்த வரியில் வராது. ரைபோசோமுக்கு முக்கியமான வேலைகள் இரண்டு: மரபுச் செய்தியைப் படிப்பது, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைப்பது. இந்த இரண்டையும் செய்வது அதில் உள்ள ஆர்என்ஏ, அதாவது டிஎன்ஏவுக்கு உறவான இழை மூலக்கூறு. கூடவே இருக்கும் புரதங்களுக்குப் பெரும்பாலும் எடுபிடி வேலைதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும், ஆன்டிபயாடிக் மாத்திரை எங்கே போய் அடிக்கிறது என்பது உட்பட.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புரதம் என்பது அமினோ அமிலங்களின் நீளமான சங்கிலி. அமினோ அமிலங்கள் 20 வகை. எந்த வரிசையில் எது வரவேண்டும் என்பது டிஎன்ஏவில் எழுதியிருக்கிறது. டிஎன்ஏவின் தேவையான பகுதியை மட்டும் செல் ஒரு நகல் எடுக்கும். அதுதான் தூதுவ ஆர்என்ஏ. இதில் நான்கே எழுத்துகள்: ஏ, யு, ஜி, சி. மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த மூன்றெழுத்துக்குக் கோடான் என்று பெயர். மொத்தம் 64 கோடான்கள். அவற்றில் 61 அமினோ அமிலங்களைக் குறிக்கும், மீதி மூன்றும் ‘இத்தோடு நிறுத்து’ என்று சொல்லும். கோடானுக்குப் பொருத்தமான அமினோ அமிலத்தைச் சுமந்து வருவது கடத்து ஆர்என்ஏ என்ற சின்ன மூலக்கூறு. அதன் ஒரு முனையில் கோடானோடு ஜோடி சேரும் மூன்று எழுத்துகள் இருக்கும். மறுமுனையில் அமினோ அமிலம் ஒட்டியிருக்கும். இரண்டு முனைகளுக்கும் இடையே ஏழெட்டு நானோமீட்டர் தூரம். இந்தத் தூரம் ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இரண்டு துண்டுகள்

பாக்டீரியாவின் முழு ரைபோசோமை 70எஸ் என்பார்கள். குறுக்களவு சுமார் 20 நானோமீட்டர். அதைப் பிரித்தால் இரண்டு துண்டுகள் வரும்: சிறியது 30எஸ், பெரியது 50எஸ். முப்பதும் ஐம்பதும் எண்பதுதானே, எழுபது எப்படி வந்தது என்று கேட்காத மாணவரே கிடையாது. ‘எஸ்’ எடையின் அளவு கிடையாது. மையவிலக்குக் கருவியில் போட்டுச் சுற்றும்போது ஒரு துகள் எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகிறது என்பதன் அளவு. சுவீடன் விஞ்ஞானி ஸ்வெட்பெரி பெயரால் வந்த அலகு. அவர் 1926-இல் வேதியியல் நோபல் வாங்கியவர். இறங்கும் வேகம் எடையை மட்டும் பொறுத்ததாக இருந்தால் கூட்டல் ஓரளவு சரியாக வந்திருக்கும். ஆனால் வடிவமும் அதில் சேர்கிறது. இரண்டு துண்டுகள் நெருக்கமாகக் கவ்விக்கொள்ளும்போது கிடைக்கும் உருவத்தின் வேகம் வேறு.

ஈ.கோலியில் 30எஸ் துண்டுக்குள் 16எஸ் என்ற ஒரே ஓர் ஆர்என்ஏ இழை, 1,542 எழுத்து நீளம். அதோடு 21 புரதங்கள். 50எஸ் துண்டில் 2,904 எழுத்துள்ள 23எஸ் ஆர்என்ஏவும், 120 எழுத்துள்ள குட்டி 5எஸ் ஆர்என்ஏவும், முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களும் இருக்கின்றன. எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஆர்என்ஏதான். அந்த இழைகள் தங்களுக்குள்ளேயே மடங்கி, ஜோடி சேர்ந்து, முறுக்கிக்கொண்டு, ரைபோசோமின் உருவத்தையே அமைக்கின்றன. புரதங்கள் அதிகமும் வெளிப்பரப்பில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான வால்களை உள்ளே நுழைத்து ஆர்என்ஏவின் மடிப்புகள் கலையாமல் பிடித்துக்கொள்கின்றன.

இரண்டு துண்டுகளும் வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கின்றன. படிப்பது 30எஸ், கோப்பது 50எஸ். கடத்து ஆர்என்ஏ இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு ஒரு முனையால் 30எஸ்-இல் கோடானைத் தொடுகிறது, மறுமுனையில் உள்ள அமினோ அமிலத்தை 50எஸ்-இன் வேதிவினை நடக்கும் இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அந்த ஏழெட்டு நானோமீட்டர் இதற்குத்தான். கடத்து ஆர்என்ஏ நிற்பதற்கு மூன்று இடங்கள் உண்டு: புதிதாக வருவதற்கு ஏ இடம், வளரும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நிற்க பி இடம், வேலை முடிந்து வெளியேற ஈ இடம்.

ஒரு புரதத்தை உட்கார்ந்து படிப்போம்

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போவதைவிட ஓர் உண்மையான மரபணுவை எடுத்துக்கொள்ளலாம். ஈ.கோலியில் லாக்-இசட் என்று ஒன்று உண்டு. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதிக்கான மரபணு அது. அதன் தூதுவ ஆர்என்ஏ தொடங்கும் பகுதியில் இப்படி ஒரு வரி வரும்:

ஏஜிஜிஏ - ஏஏசிஏஜிசியு - ஏயுஜி ஏசிசி ஏயுஜி ஏயுயு ஏசிஜி...

ஏயுஜி என்பது தொடக்கக் கோடான். அதே நேரம் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்துக்கும் அதுதான் கோடான். மேலே உள்ள வரியில் இரண்டு ஏயுஜி இருக்கின்றன. எதில் தொடங்குவது? முதல் ஏயுஜிக்கு ஏழு எழுத்து முன்னால் உள்ள ஏஜிஜிஏவைப் பாருங்கள். 16எஸ் ஆர்என்ஏவின் வால் முனையில் யுசிசியு என்ற எழுத்துகள் இருக்கின்றன. ஏயோடு யு, ஜியோடு சி என்று இரண்டும் அச்சாகப் பொருந்தும். 30எஸ் துண்டு அந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்போது முதல் ஏயுஜி சரியாக பி இடத்தில் வந்து உட்காரும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜான் ஷைன், லின் டால்கார்னோ இருவரும் 1974-இல் இதைச் சொன்னார்கள். அதனால் இதற்கு ஷைன்-டால்கார்னோ வரிசை என்று பெயர். தொடக்கத்தைக் கண்டுபிடிக்கும் வேலையிலேயே ஆர்என்ஏ நேரடியாக ஆர்என்ஏவைத் தொட்டுப் படிப்பதைக் கவனியுங்கள். நம் செல்கள் இந்த முறையில் தொடங்குவதில்லை. அவை தூதுவ ஆர்என்ஏவின் முனையில் ஏறி, ஏயுஜி கிடைக்கும்வரை பெரும்பாலும் நகர்ந்துகொண்டே தேடும்.

இந்தக் கட்டத்தில் 50எஸ் இன்னும் வந்து சேரவில்லை. ஐஎஃப்1, ஐஎஃப்2, ஐஎஃப்3 என்று மூன்று உதவிப் புரதங்கள் 30எஸ்-ஓடு இருக்கின்றன. அவசரப்பட்டு 50எஸ் வந்து மூடிவிடாமல் தடுப்பது மூன்றாவதின் பொறுப்பு. முதல் அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் கடத்து ஆர்என்ஏவும் தனி ரகம்: அது தூக்கி வருவது ஃபார்மைல் என்ற சிறு குழு ஒட்டிய மெத்தியோனின். வரியில் இரண்டாவதாக வரும் ஏயுஜிக்குச் சாதாரண மெத்தியோனின்தான் கிடைக்கும். எல்லாம் பொருந்தியபின் 50எஸ் வந்து கவ்வும், உதவிப் புரதங்கள் கழன்றுகொள்ளும். அப்புறம்தான் கோர்வை தொடங்கும்.

இப்போது ஏ இடத்தில் ஏசிசி காத்திருக்கிறது. அதற்கு வேண்டியது திரியோனின். கடத்து ஆர்என்ஏ தனியாக வராது; இஎஃப்-டியு என்ற புரதமும் ஜிடிபி என்ற ஆற்றல் மூலக்கூறும் சேர்ந்து அதைக் கூட்டிக்கொண்டு வரும். ஈ.கோலி செல்லில் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் இஎஃப்-டியு ஒன்று. எத்தனை கடத்து ஆர்என்ஏக்கள் வரிசையில் நிற்கின்றன என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

சரி, வந்தது சரியான ஆளா என்று எப்படித் தெரியும்? கோடானின் எழுத்துகளும் கடத்து ஆர்என்ஏவின் எழுத்துகளும் ஜோடி சேர்வதில் கிடைக்கும் ஆற்றல் வித்தியாசம் மட்டும் போதாது. ஓர் எழுத்து மாறிய தவறான ஜோடியும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். இங்கே 16எஸ் ஆர்என்ஏ தானே இறங்கி அளந்து பார்க்கிறது. அதன் 1492, 1493-ஆம் இடங்களில் இரண்டு அடினின்கள், அதாவது ஏ எழுத்துகள், இருக்கின்றன. வழக்கமாக ஒரு மடிப்புக்குள் ஒதுங்கியிருப்பவை, சரியான ஜோடி உருவானதும் வெளியே புரண்டு வந்து அந்த ஜோடியின் பள்ளத்தில் உட்காருகின்றன. 530-ஆம் இடத்தில் உள்ள குவானினும் (ஜி எழுத்து) சேர்ந்துகொள்கிறது. கோடானின் முதல் இரண்டு எழுத்துகளின் ஜோடி வடிவம் துல்லியமாக இருந்தால்தான் இவை பொருந்தி உட்கார முடியும். மூன்றாவது எழுத்தில் இந்தக் கெடுபிடி கிடையாது, கொஞ்சம் நெகிழ்வு உண்டு. ஏசியில் தொடங்கும் நான்கு கோடான்களும் திரியோனினையே குறிக்கும் என்பதால் அந்த நெகிழ்வால் இங்கே ஒன்றும் கெட்டுப்போகாது.

சோதனை இதோடு முடியவில்லை. பொருத்தம் சரியென்றால் ஜிடிபி உடைகிறது, இஎஃப்-டியு பிடியை விட்டு விலகுகிறது. அதன் பிறகும் கடத்து ஆர்என்ஏ முழுதாக உள்ளே திரும்பி நுழைவதற்கு ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரம் பிடிக்கும். தவறான ஆள் இந்த இடைவெளியில் நழுவி விழுந்துவிடும். ரேஷன் கடையில் கார்டைப் பார்த்த பிறகும் கைரேகை வைக்கச் சொல்வதுபோல, ஒரே ஆளை இரண்டு முறை சரிபார்ப்பது. ஒவ்வொரு சோதனையும் சுமாரானதுதான். ஆனால் இரண்டும் சேரும்போது பிழை ஆயிரத்தில் ஒன்றுக்கும் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் இடைப்பட்ட அளவுக்குக் குறைகிறது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் வேகத்தை இழக்க வேண்டும். பாக்டீரியாவுக்கு அது கட்டுபடியாகாது.

இணைக்கும் இடம்

திரியோனின் உள்ளே வந்துவிட்டது. பக்கத்தில் பி இடத்தில் மெத்தியோனின். இரண்டும் 50எஸ்-இன் நடுவில் உள்ள ஒரு குழியில் அருகருகே வந்தவுடன் மெத்தியோனின் தன் கடத்து ஆர்என்ஏவை விட்டுத் திரியோனினோடு பிணைந்துகொள்கிறது. இதுதான் பெப்டைடு பிணைப்பு. சங்கிலி முழுவதும் இப்போது ஏ இடத்தில் உள்ள கடத்து ஆர்என்ஏவின் கையில்.

இந்த வினையை நடத்துவது ஏதோ ஒரு புரதமாகத்தான் இருக்கும் என்று பல காலம் தேடினார்கள். வேதிவினை என்றால் நொதி, நொதி என்றால் புரதம் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. 1992-இல் கலிபோர்னியாவில் ஹாரி நோலரின் குழு 50எஸ் துண்டிலிருந்து பெரும்பாலான புரதத்தைக் கரைத்து எடுத்துவிட்டுப் பார்த்தது. அப்போதும் இணைக்கும் வேலை நடந்தது. ஆனால் கொஞ்சம் புரதத் துணுக்குகள் ஒட்டியிருந்ததால் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. 2000-இல் யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் குழுக்கள் 50எஸ்-ஐ 2.4 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் (பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்) படம் பிடித்துக் காட்டின. வினை நடக்கும் இடத்தைச் சுற்றி 18 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குப் புரதமே இல்லை. எல்லாம் 23எஸ் ஆர்என்ஏ. பாக்டீரியாக்களில் எல்27 என்ற புரதத்தின் வால் மட்டும் சற்று நெருங்கி வரும். அந்தப் புரதத்தை நீக்கினால் ஈ.கோலி தடுமாறி மெதுவாக வளர்கிறதே தவிர, சாவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாக்டீரிய ரைபோசோமுக்கென்று பலரும் உதாரணம் காட்டும் அந்த 50எஸ் படம் பாக்டீரியாவுடையதே அல்ல. சாக்கடலில் வாழும், உப்பை விரும்பும் ஆர்க்கியா வகை உயிரினுடையது. ஆர்க்கியா பார்க்க பாக்டீரியா போலவே இருக்கும் ஒற்றைச் செல் உயிர், ஆனால் தனி இனம். இந்த முறையில் படம் எடுக்க முதலில் படிகமாக்க வேண்டும்; அதன் ரைபோசோம் நன்றாகப் படிகமாகும் என்பதால் அதை எடுத்தார்கள். வினை நடக்கும் குழி எல்லா உயிர்களிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் பெரிய பாதகம் இல்லை. லட்சக்கணக்கான அணுக்கள் கொண்ட ரைபோசோமைப் படிகமாக்கவே முடியாது என்று பலர் நினைத்த காலத்தில், 1980 வாக்கிலேயே அதைத் தொடங்கியவர் இஸ்ரேலைச் சேர்ந்த அடா யோனத். வெந்நீர் ஊற்றுகளில் வாழும் ஒரு பாக்டீரியாவின் 30எஸ்-ஐ அணு அணுவாகக் காட்டியவர்களில் முக்கியமானவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்து, வடோதராவில் வளர்ந்து, இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு உயிரியலுக்கு மாறியவர். மேலே சொன்ன அந்த இரண்டு அடினின்களும் புரண்டு வரும் காட்சி கேம்பிரிட்ஜில் அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்ததுதான். ஸ்டைட்ஸ், யோனத், ராமகிருஷ்ணன் மூவருக்கும் 2009-இல் வேதியியல் நோபல் பகிர்ந்து கொடுக்கப்பட்டது.

இணைத்தபின் ரைபோசோம் ஒரு கோடான் தூரம் நகர வேண்டும். 30எஸ் துண்டு 50எஸ்-க்கு எதிரே சில பாகைகள் திருகிக்கொள்ளும். இஎஃப்-ஜி என்ற புரதம் இன்னொரு ஜிடிபியைச் செலவழித்து கடத்து ஆர்என்ஏக்களை அடுத்தடுத்த இடத்துக்குத் தள்ளும். ஏயில் இருந்தது பிக்கு, பியில் இருந்தது ஈக்கு, ஈயில் இருந்தது வெளியே. அடுத்த ஏயுஜி ஏ இடத்துக்கு வந்துவிட்டது, திரும்ப அதே கதை. நொடிக்கு 15 முதல் 20 அமினோ அமிலம். லாக்-இசட் புரதத்தில் ஆயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள் இருப்பதால் ஒரு ரைபோசோம் அதை முடிக்க ஒரு நிமிடத்தை ஒட்டி ஆகும். கடத்து ஆர்என்ஏவில் அமினோ அமிலத்தை ஏற்றும் செலவையும் சேர்த்தால் ஒவ்வோர் இணைப்புக்கும் நான்கு உயர் ஆற்றல் பிணைப்புகள் உடைகின்றன. செல்லின் பெரிய செலவுக் கணக்கு இதுதான்.

வளரும் சங்கிலி 50எஸ்-க்குள் உள்ள ஒரு சுரங்க வழியாக வெளியே போகும். நீளம் சுமார் 10 நானோமீட்டர். உள்ளே எப்போதும் முப்பது நாற்பது அமினோ அமிலங்கள் இருக்கும். சுரங்க வாயில் பக்கத்திலேயே, சங்கிலி சரியாக மடங்குவதற்கு உதவும் புரதம் ஒன்று காத்திருக்கும்.

பாக்டீரியாவுக்கு உட்கரு கிடையாது. அதனால் டிஎன்ஏவிலிருந்து தூதுவ ஆர்என்ஏ எழுதி முடியும்வரை ரைபோசோம் பொறுத்திருப்பதில்லை. முனை வெளியே நீண்டதுமே ஏறிக்கொள்ளும். ஒன்று கொஞ்சம் நகர்ந்ததும் பின்னாலேயே இன்னொன்று. 1970-இல் ஆஸ்கர் மில்லர் குழு வெளியிட்ட மின்னணு நுண்ணோக்கிப் படங்களில், டிஎன்ஏ இழையிலிருந்து கிளம்பும் ஆர்என்ஏக்களில் ரைபோசோம்கள் வரிசையாக ஒட்டியிருப்பதை அப்படியே பார்க்கலாம். தூதுவ ஆர்என்ஏவின் ஆயுள் சில நிமிடங்கள்தான். இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தக் கோடான் வந்தால் அதற்கென்று கடத்து ஆர்என்ஏ கிடையாது. ஆர்எஃப்1 அல்லது ஆர்எஃப்2 என்ற விடுவிப்புப் புரதம் வந்து உட்கார்ந்து, ஒரு நீர் மூலக்கூறைக் கொண்டு சங்கிலியை வெட்டிவிடும். பிறகு இரண்டு துண்டுகளும் பிரிந்து அடுத்த வேலைக்குப் போகும். சில சமயம் தூதுவ ஆர்என்ஏ நடுவிலேயே அறுந்திருக்கும், நிறுத்தக் கோடானே வராது, ரைபோசோம் சிக்கி நிற்கும். அதை மீட்க டிஎம்ஆர்என்ஏ என்ற ஒரு மூலக்கூறு இருக்கிறது. பாதி கடத்து ஆர்என்ஏ, பாதி தூதுவ ஆர்என்ஏ. உள்ளே நுழைந்து, மீதிச் செய்தியைத் தானே கொடுத்து முடித்துவைக்கும். அந்த அரைகுறைப் புரதத்தின் வாலில் ‘இதை அழித்துவிடு’ என்ற அடையாளமும் ஒட்டிவிடும்.

மருந்து அடிக்கும் இடம்

நம் செல்களில் உள்ள ரைபோசோம் 80எஸ். 40எஸ், 60எஸ் என்ற துண்டுகளால் ஆனது. மையப் பகுதி பாக்டீரியாவுடையதைப் போலவே இருந்தாலும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. ஆன்டிபயாடிக் மருந்துகளில் பாதிக்குப் பாதி அந்த வித்தியாசத்தில்தான் பிழைக்கின்றன.

எலிக்காய்ச்சலுக்கும் ஸ்க்ரப் டைபஸுக்கும் கொடுக்கும் டாக்சிசைக்ளின் 30எஸ்-இன் ஏ இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். புதிய கடத்து ஆர்என்ஏ உள்ளே வர முடியாது. ஒரு காலத்தில் டைபாய்டுக்குக் கொடுத்த குளோராம்பெனிக்கால் இணைக்கும் குழியிலேயே உட்கார்ந்துவிடும். ஜென்டாமைசின் செய்வது தந்திரமான வேலை. 1492, 1493 அடினின்களைச் சரியான ஜோடி இல்லாதபோதே வெளியே தள்ளி வைத்துவிடும். ரைபோசோம் தவறான ஆளையும் சரியென்று ஏற்றுக்கொண்டு, குப்பைப் புரதங்களாகச் செய்து தள்ளும். என்னைக் கேட்டால், வேலையை நிறுத்துவதைவிட இது மோசமான தாக்குதல்.

அசித்ரோமைசின், எரித்ரோமைசின் வகை மருந்துகள் 50எஸ்-இன் சுரங்கத்தில் ஒட்டிக்கொண்டு சங்கிலியை வெளியே விடாமல் தடுக்கும். அவை பிடித்துக்கொள்வது 23எஸ் ஆர்என்ஏவின் 2058-ஆம் இடத்தில் உள்ள அடினினை. நம் ரைபோசோமில் அதே இடத்தில் இருப்பது குவானின். அந்த ஓர் எழுத்து வித்தியாசத்தால்தான் மாத்திரை பாக்டீரியாவைப் பிடிக்கிறது, நம்மை விட்டுவிடுகிறது. மருந்துக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும் பாக்டீரியாக்களும் இந்த இடத்தைத்தான் குறிவைக்கின்றன: எர்ம் என்ற நொதி அந்த அடினின்மேல் மெத்தில் குழுவை ஒட்டிவிட்டால் மருந்து பொருந்தாது. சளி பிடித்ததும் மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் வாங்கிப் போடுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். சளிக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸ். வைரஸுக்குச் சொந்த ரைபோசோமே கிடையாது, நம்முடையதைத்தான் அது பயன்படுத்துகிறது. அந்த மாத்திரைக்கு அங்கே அடிக்க ஒன்றும் இல்லை. குடலில் சும்மா இருக்கும் பாக்டீரியாக்களுக்கு எதிர்ப்பைப் பழக்கிக் கொடுத்ததுதான் மிச்சம்.

ஈ.கோலியில் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான மரபணுத் தொகுதிகள் ஏழு உண்டு. ஒன்றில் எழுத்து மாறினாலும் மற்ற ஆறும் பழைய மாதிரியே ரைபோசோம் செய்துகொண்டிருக்கும், மருந்தும் பிடிக்கும். காசநோய்க் கிருமிக்கு இருப்பது ஒரே ஒரு தொகுதி. அதில் ஓர் எழுத்து மாறினால் அந்தக் கிருமியின் எல்லா ரைபோசோம்களும் மாறிவிடும். காசநோயில் அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளுக்கு எதிர்ப்பு எளிதாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு சிக்கல் நம் பக்கம். நம் செல்களில் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பழங்காலத்தில் பாக்டீரியாக்களாக இருந்தவை. அவற்றுக்குள் இன்றும் தனி ரைபோசோம்கள் இருக்கின்றன, அவை நம் 80எஸ்-ஐவிட பாக்டீரியாவுடையதோடு நெருக்கம் உள்ளவை. அம்மா வழியில் வரும் ஒரு மைட்டோகாண்ட்ரிய மாற்றம், 1555-ஆம் இடத்தில் அடினினுக்குப் பதில் குவானின், அந்த ரைபோசோமை இன்னும் பாக்டீரியா மாதிரி ஆக்கிவிடுகிறது. அந்தக் குடும்பத்தில் யாருக்காவது ஜென்டாமைசின் வகை ஊசி போட்டால் நிரந்தரமாகக் காது கேட்காமல் போகக்கூடும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு மாதக்கணக்கில் கொடுக்கும் லினசோலிட் 50எஸ்-இன் இணைக்கும் குழியை அடைப்பது. அது மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். அதை எடுத்துக்கொள்பவர்களுக்கு ரத்த அணுக்கள் குறைவதும், கால் நரம்புகள் மரத்துப்போவதும், சிலருக்குப் பார்வை நரம்பு பாதிக்கப்படுவதும் இதனால்தான். சிகிச்சை நடக்கும்போது மருத்துவர் அவ்வப்போது ரத்தப் பரிசோதனைக்கும் கண் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுப்பார். அதைத் தட்டிக்கழிக்காமல் செய்துகொள்வது நல்லது.